"என் கரை நீ" என்று சொன்னது யாரிடம்?

நான்கு வருடங்களுக்கு முன்பு, சாந்தோமில் எங்கள் தேவாலயப் பங்குத் திருவிழா நாடகத்தின்போது நடந்தது இது. அந்த வருடம் பழைய சோக நாடகம் ஒன்றைப் போட்டார்கள். கப்பலோட்டி ஒருவனும் ஊர்த் தலைவர் மகளும் காதலித்து, கடைசியில் இருவருமே கடலில் மாண்டுபோகும் கதை.

கப்பலோட்டியாக நடித்தவர் என் கணவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவர் பேசிய இனிமையான பேச்சு, "குழம்பு நல்லாகீது" என்பதுதான். அதுவும் எப்போதாவது. காதலியாக நடித்தவள் கோயில் பாடகர் குழுவில் பாடும் பெண். நல்ல குரல், பார்க்கவும் லட்சணம். எனக்கு வயிறு எரிய வேறு காரணம் வேண்டுமா?

வசனமெல்லாம் கவிதை. அதிலும் காதலர்கள் பேசும் இடம் அந்தாதி. ஒருவர் முடிக்கும் சொல்லை எடுத்துத்தான் அடுத்தவர் ஆரம்பிக்க வேண்டும். "கடலெல்லாம் அலைந்தேன், என் கரை நீ" என்பான் அவன். "நீ வரும்வரை நான் கரையில்லை, வெறும் மணல்" என்பாள் அவள். "மணலே போதும், நான் தலை சாய்க்க" என்பான். காதல் என்ற சொல்லே வராது. ஆனால் ஒருத்தர் பேச்சை இன்னொருத்தர் கீழே விழவிடாமல் ஏந்திக்கொள்வதைக் கேட்டாலே போதும், எல்லாம் புரிந்துவிடும். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவருக்கு மனப்பாடம் ஆக வேண்டுமே! தினமும் சாயங்காலம் நான் மீன் கழுவிக்கொண்டே அவளுடைய வசனத்தைச் சொல்வேன். அவர் சமையலறை வாசலில் நின்று பதில் சொல்வார். இத்தனை வார்த்தையும் மேடையில் அவளுக்கல்லவா போகப்போகிறது என்று எனக்கு மனசு கொதிக்கும். இருவர் வசனமும் எனக்குத் தலைகீழ்ப் பாடம் என்று தெரிந்ததும், பக்கத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். அவர்கள் கொஞ்சுவதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா!

நாடகத்தன்று நல்ல கூட்டம். அவர் "என் கரை நீ" என்றார். அவள் வாயைத் திறந்தாள், வசனம் வரவில்லை. பொய் சொல்வானேன், உள்ளுக்குள் எனக்கு ஒரே குஷி. ஆனால் மானம் போவது அவருக்கும்தானே? மெதுவாக எடுத்துக்கொடுத்தேன். அவளுக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கவே சொன்னேன், "நீ வரும்வரை நான் கரையில்லை, வெறும் மணல்."

அவர் சட்டென்று திரும்பினார். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திரைப்பக்கம் நின்ற என்னைப் பார்த்து, "மணலே போதும், நான் தலை சாய்க்க" என்றார். சமையலறை வாசலில் நிற்பாரே, அதே தோரணை. பழக்க தோஷத்தில் நானும் அடுத்த வரியைச் சொன்னேன். அவரும் பதில் சொன்னார். கூட்டம் சிரித்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

நாடகம் முடிந்ததும் இயக்குநர் அவரைக் காய்ச்சி எடுத்துவிட்டார். "பழக்கம் சார்" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறெதுவும் வரவில்லை. அதற்குள் அந்தப் பெண் என்னைத் தேடி வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நானும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டேன்.

"இத்தினி நாளா எதிர்ல நின்னு பேசிக்கினு இருக்கேன்க்கா. ஒரு வாட்டிகூட அவரு அந்த லைன என்கிட்ட அப்படிச் சொன்னதில்ல. உங்களப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு" என்றாள்.

சொருகிய முந்தானையை மெல்ல எடுத்துவிட்டுக்கொண்டேன். வீட்டுக்கு நடந்துவரும்போது அவர் வழக்கம்போல, நாளைக்கு என்ன மீன் வாங்கலாம் என்றுதான் கேட்டார்.

இன்றைக்கும் அவருடைய பேச்சு "நல்லாகீது" என்பதைத் தாண்டுவதில்லை. "நல்லாகீதுன்னா இன்னும் ரெண்டு கரண்டி ஊத்திக்குங்க" என்று நான் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எங்கள் வீட்டிலும் இந்த அந்தாதி வெகுநாளாக ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது என்பது, இன்னொருத்தி பொறாமைப்பட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.