எழுபத்துமூன்றாவது கட்டம்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு வருத்தமில்லை. என் ரெஸ்யூமேயையே நம்பிய தேசத்தில் உட்கார்ந்துகொண்டு, என்னை யாரும் நம்பவில்லை என்று புலம்புவது அழகல்ல.

1998. டெக்சஸில் இர்விங். இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களெல்லாம் வருடத்தை மறந்துவிடும் என்று அமெரிக்கா நடுங்கிக்கொண்டிருந்த நேரம். கோபால் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய ப்ரோக்ராம்களைத் திருத்த ஆள் தேவைப்பட்டது. கோபால் தெரிந்தவர்களுக்கு விமான டிக்கெட் கிடைத்தது. தெரியாதவர்களுக்கும் கிடைத்தது, நானே சாட்சி. கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்து சென்னையில் நாற்பது நாள் வகுப்புக்குப் போயிருந்தேன். ரெஸ்யூமேயில் அது நான்கு வருடமாக வளர்ந்திருந்தது. ஊட்டம் கொடுத்து வளர்த்தவர், என்னை அழைத்து வந்த கன்சல்டன்சியின் முதலாளி பத்மநாபன் சார்.

ஏழு வாரமாக வேலை இல்லாமல் கெஸ்ட் ஹவுஸில் கிடந்தேன். இரண்டு அறையில் ஆறு பேர்.

"நவம்பருக்குள்ள ப்ராஜெக்ட் கெடைக்கலேன்னா ரிடர்ன் டிக்கெட்தான், நஞ்சப்பா," என்று பத்மநாபன் சார் சொல்லிவிட்டார். ஊரில் மாலை போட்டு அனுப்பியிருந்தார்கள். இரண்டே மாதத்தில் போய் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

நவம்பர் 4, புதன்கிழமை. ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மேனேஜர் லிண்டா, மாலை 4:00 மணிக்கு போனில் இன்டர்வியூ எடுப்பதாக ஏற்பாடு.

"நீ வாயே தொறக்காதே," என்றார் பத்மநாபன் சார். "உன் பேர்ல மகாதேவன் பேசுவார். பதினைஞ்சு வருஷ எக்ஸ்பீரியன்ஸ். நியூ ஜெர்சில ப்ராஜெக்ட் முடிஞ்சு, கார்ல இங்கதான் வந்துட்டிருக்கார். திங்கட்கிழமையே பேசிட்டேன். 3:55-க்கு உனக்கு கால் பண்ணுவார். லிண்டா லைன்ல வந்ததும் ரெண்டு காலையும் கனெக்ட் பண்ணிட்டு கம்முனு இரு."

"அப்புறம் நான் நேர்ல பேசுனா, குரல் வேறன்னு சந்தேகம் வராதுங்களா சார்?"

"அவங்களுக்கு நம்ம எல்லார் குரலும் ஒண்ணுதான்."

எல்லோரும் செய்தார்கள். யாரும் சொல்லிக்கொண்டதில்லை.

சரியாக 3:55-க்கு போன் அடித்தது.

"தம்பி, மகாதேவன்."

குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம். டக்... டக்... டக்... காரில் இண்டிகேட்டர் போட்டால் வருமே, அது. வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுகிறார் என்று நினைத்தேன். அவ்வப்போது லாரி கடக்கும் இரைச்சல். பிறகு டக்... டக்...

4:00 மணிக்கு லிண்டா வந்தார். இரண்டு லைனையும் இணைத்தேன். "நான்தான் நஞ்சப்பன்," என்று அந்தக் குரல் ஆங்கிலத்தில் சொன்னது. என் பெயரை வேறொருவர் அவ்வளவு தன்னம்பிக்கையோடு சொல்லிக் கேட்டதில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இருபத்திரண்டு நிமிடம். ஒரு கேள்விக்கும் அவர் யோசிக்கவில்லை. டக்... டக்... லிண்டாவுக்கு அந்தச் சத்தம் கேட்டதாகவே தெரியவில்லை. கடைசியில், எப்போது சேரலாம் என்று கேட்டார்.

"ஐ ஆம் ஆல்ரெடி ஆன் த வே," என்றது குரல்.

லிண்டா சிரித்துவிட்டு போனை வைத்தார்.

"ரொம்ப நன்றிங்க சார்," என்றேன்.

"நன்றியெல்லாம் எதுக்கு தம்பி? எனக்கு ஒரு இடம் போட்டு வை. வந்துடறேன்."

லைன் கட்டாகிவிட்டது.

வேலை கிடைத்தது. நவம்பர் 9, திங்கட்கிழமை சேர்ந்தேன். என் க்யூபிக்கிளுக்கு அடுத்தது காலி. நாற்காலி, மானிட்டர் மட்டும் இருந்தன. இடம் போட்டு வைக்கச் சொன்னாரே! கோபி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாக எறிவதுபோல, என் கர்சீப்பை அந்த நாற்காலியில் எறிந்தேன். நீலக்கட்டம் போட்டது. ஒரு குறும்புக்குத்தான்.

அதைச் செய்திருக்கக் கூடாது.

எனக்குக் கொடுத்தது 1983-க்குப் பிறகு யாரும் தொடாத ப்ரோக்ராம். நாலாயிரம் வரி. பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான். கோபாலில் ஒரு வரிக்கு எண்பது கட்டம். எழுபத்திரண்டோடு கம்ப்யூட்டர் படிப்பதை நிறுத்திவிடும். எழுபத்துமூன்றிலிருந்து வரும் எட்டுக் கட்டத்தில் என்ன எழுதினாலும் அதற்குத் தெரியாது. அவை மனிதர்கள் மனிதர்களுக்கு எழுதிக்கொள்வதற்கு. திருத்தியவர் தன் இனிஷியல் இரண்டெழுத்தும் தேதி ஆறு இலக்கமும் அங்கே போடுவார். திரையில்கூட அந்தப் பகுதி ஒளிந்துதான் இருக்கும். எஃப்11 தட்டினால் வெளியே வரும்.

வேறு எதுவும் செய்யத் தெரியாததால் எஃப்11 தட்டினேன்.

நாலாயிரம் வரிக்கும் அந்த இடம் காலி. முதல் வரியில் மட்டும் ஒன்று இருந்தது.

எம்டி000452.

எம்டி... மகாதேவன்? அவர் இந்தக் கம்பெனிப் பக்கமே வந்ததில்லை. அது தேதியும் இல்லை. 00 என்று மாதம் கிடையாது.

செவ்வாய், காலை 9:05. எம்டி000337.

புதன், 9:02. எம்டி000190.

பத்மநாபன் சாருக்கு போன் செய்தேன்.

"மகாதேவன் சார் வந்துட்டாருங்களா?"

"இன்னும் இல்லப்பா. செல்லும் எடுக்கலை. சார்ஜ் தீர்ந்திருக்கும். ஆமா, உனக்கென்ன திடீர்னு அவர் மேல அக்கறை?"

லிண்டாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். என்னவென்று சொல்வது? 'அம்மணி, இன்டர்வியூவில் பேசியவர் உங்கள் ப்ரோக்ராமில் ஏதோ எழுதுகிறார்' என்றா? பேய் போகுமோ இல்லையோ, நான் போய்விடுவேன்.

வாயை மூடிக்கொண்டேன். அதற்குத்தானே என்னைத் தயார் செய்திருந்தார்கள்.

வியாழன், 9:00. எம்டி000041.

அன்று மதியம் 3:55-க்குப் பக்கத்து நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது. எட்டிப் பார்த்தேன். கர்சீப் இருந்தது. நாற்காலி மட்டும்... வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

யாரையோ எதிர்பார்ப்பதுபோல.

அடுத்த நாள் நவம்பர் 13. வெள்ளிக்கிழமை. தேதியை நானாக ஜோடிக்கவில்லை, காலண்டர் இருந்தால் பாருங்கள்.

8:50-க்கு உள்ளே நுழைந்தேன். நல்ல வெயில்.

பக்கத்து நாற்காலியில் கர்சீப் இல்லை.

என் மேஜைமேல் இருந்தது. நான்காக மடித்து.

தொட்டேன். சொட்டச் சொட்ட ஈரம்.

பக்கத்து நாற்காலியில் கை வைத்தேன்...

சூடு.

என் மானிட்டர் ஆன் ஆகியிருந்தது. எஃப்11 தட்டிய நிலையில். முதல் வரியில்...

எம்டி000000.

கீழே போனேன். வருடம் வரும் வரியெல்லாம் திருத்தியிருந்தது. ஆயிரத்து நூறு வரி. ஒரு தப்பு இல்லை. ஒவ்வொன்றின் கடைசி எட்டுக் கட்டத்திலும்...

என்ஜே111398.

என்ஜே. நஞ்சப்பன். என் இனிஷியல். இன்றைய தேதி.

லிண்டா காபிக் கோப்பையோடு வந்தார். "ஏழு மணிக்கே வந்துட்டியா? டைப் பண்ற சத்தம் கேட்டுது. இன்டர்வியூலயே தெரியும், நீ கெட்டிக்காரன்னு," என்று ஆங்கிலத்தில் சொல்லித் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நான் "தேங்க்ஸ்" என்றேன்.

9:40-க்கு என் மேஜை போன் அடித்தது. பத்மநாபன் சார். குரல் உடைந்திருந்தது.

"நஞ்சப்பா... மகாதேவன் போயிட்டார்டா. ஆர்கன்ஸால. நல்ல மழையாம். வண்டி ரிப்பேராகி, ஓரமா நிறுத்தி, இண்டிகேட்டர் எல்லாம் மின்னுமே, அந்த ஹஸார்டு லைட் போட்டுட்டு உள்ளேயே உக்காந்திருக்கார். லாரி வந்து இடிச்சிருக்கு. பேப்பரெல்லாம் எரிஞ்சுபோனதால ஆள் யாருன்னு கண்டுபிடிக்கவே இத்தனை நாளாச்சாம். அவர் வொய்ஃப் இப்பத்தான் ஊர்லேர்ந்து போன் பண்ணாங்க."

"எப்பங்க சார்?"

"மூணாம் தேதி. செவ்வாய்க்கிழமை விடியக்காலம் அஞ்சு பத்து."

என் இன்டர்வியூ நாலாம் தேதி. புதன்கிழமை.

அவரும் அதை அப்போதுதான் எண்ணிப் பார்த்தார் போலிருக்கிறது. "மூணு... நாலு..." என்று முணுமுணுத்தார்.

"சார்... அந்த இடம் இங்கிருந்து எவ்வளவு தூரமுங்க?"

"மெம்ஃபிஸ் தாண்டினதும். நானூத்தம்பது மைல், நானூத்தம்பத்திரெண்டு மைல் இருக்கும். ஏன் கேக்கறே?"

திங்கட்கிழமை 452 என்றிருந்த முதல் வரிக்குத் திரையை நகர்த்தினேன்: எம்டி000000. ஆபீஸ் அமைதியாக இருந்தது. எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கேட்கவில்லை.

"நஞ்சப்பா, உன் பக்கத்துல யாரு இருக்கா?" என்றார் பத்மநாபன் சார். "டக் டக்னு கேட்டுட்டே இருக்கே..."