கடலுக்கு முதுகு காட்டி

வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் உல்லாசமாகப் போகும் படகு மொனோஸ் தீவைத் தாண்டும்போது கார்மெலிட்டா சீட்டைக் கலைத்துக்கொண்டிருப்பாள். வலப்பக்கம் பச்சை மலை நேராகக் கடலுக்குள் இறங்கும். கூழைக்கடாக்கள் தலைகுப்புறத் தண்ணீரில் விழும். எல்லோரும் அந்தப் பக்கம் சாய்வார்கள். அவளுடைய பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் கடலுக்கு முதுகு காட்டி நிற்கும். "மலை எங்கயும் ஓடிடாது. சீட்டைப் பாரு" என்பாள்.

மற்ற நாட்களில் அவள் எங்கள் தீவின் தலைநகரிலிருந்து அரிமா ஊர்வரை பயணிகள் வேன் ஓட்டுகிறாள். அந்தப் பழக்கம் படகிலும் விடாது. ஏறியவுடன் எல்லோரையும் உள்ளே தள்ளி உட்காரச் சொல்வாள். ஐஸ் வாங்கப் போனவர் தாமதித்தால் படகோட்டிக்கு முன்பே அவள், "கெளம்பலாம், அவன் நீந்தி வரட்டும்" என்று உத்தரவு போடுவாள். மிளகாய்ச் சாறும் தன்னுடையதுதான் வேண்டும், மருந்து பாட்டிலில் கொண்டுவருவாள். கோழியும் அரிசியும் சேர்த்து வேகவைக்கும் பெலாவ், சட்டியின் அடியில் சோறு தீய்ந்திருக்காவிட்டால் வேகவே இல்லை என்பாள்.

அவளைப் புகழ எனக்குத் தயக்கம் உண்டு. பொறுமை கிடையாது, தோற்றால் நாள்கணக்கில் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். ஆனால் செய்கிற காரியத்துக்குள் மிச்சமின்றி இருப்பவர்கள் குறைவு. அவள் அப்படி இருக்கிறாள்.

எங்கள் ஆட்டத்தில் இரண்டிரண்டு பேராகக் கூட்டு. கையிலிருக்கும் துருப்பு ஜாக்கை எதிராளியின் பெரிய துருப்புக்குப் பறிகொடுத்தால், ஜாக் தூக்கில் தொங்கியது என்று அர்த்தம். பறிகொடுத்தவர் அந்தச் சீட்டைத் தொப்பியில் செருகிக்கொண்டு துறையில் இறங்கவேண்டும். அங்கே சிரிப்பதற்கென்றே சிலர் காத்திருப்பார்கள். கார்மெலிட்டா வருடா வருடம் அப்படித்தான் இறங்கினாள். தொங்கவிட்டவன் லெனாக்ஸ், அவளுடைய நிறுத்தத்திலேயே வேன் ஓட்டுபவன்.

இந்த முறை படகு கிளம்பும்போதே அவன் எல்லோர் முன்னிலையிலும் சொன்னான்: "இன்னைக்கும் உன் கையில தொங்குச்சுன்னா, அடுத்த வருஷம் நீ பெலாவ் சட்டியைப் பிடிச்சுக்க, தாயே. நாற்காலியில என் மச்சான் உட்காரட்டும்."

அலையில் கவிழாமல் சட்டி பிடிப்பது என் வேலை. அது என்ன கதி என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் சரி என்றாள்.

கூட்டாளிகள் முகத்தால் சைகை காட்டிக்கொள்வது இங்கே குற்றமில்லை. எதிராளியின் சைகையைத் திருடுவதும் திறமையில் சேர்த்தி. கண்ணைச் சிமிட்டினால் ராஜா, கன்னத்தை உப்பினால் ராணி. கார்மெலிட்டாவும் அவள் கூட்டாளி துலாரியும் காட்டுவதையெல்லாம் பேப்பர் படிப்பதுபோலப் படித்துவிடுவதாக லெனாக்ஸ் பீற்றிக்கொள்வான்.

தீவுகளுக்கு நடுவே கடல் வாய் திறக்கும் இடத்தில் அலை எழும். அங்கே ஆட்டத்தை நிறுத்துவது வழக்கம். இந்த முறை லெனாக்ஸ் நிறுத்த விடவில்லை. கடைசி ஆட்டம், இரு பக்கமும் சமம், துருப்பு ஜாக் அவன் கையில். ஏஸும் ராஜாவும் போய்விட்டன. ஜாக்கைப் பிடிக்க மிச்சமிருந்தது ராணி மட்டும். அது அந்த இரண்டு பெண்களில் ஒருத்தியிடம்.

லெனாக்ஸின் கூட்டாளி ஹோலிஸ் ஒரு துருப்பை இறக்கினான். துலாரி சின்னத் துருப்பொன்றைப் போட்டாள். படகு ஏறி, தொப்பென்று இறங்கியது. துலாரி உதட்டை இறுக்கிக் கன்னத்தை உப்பினாள்.

லெனாக்ஸ் அதைப் பார்த்துவிட்டான். "ராணி துலாரிகிட்ட. இந்தச் சுத்துல அவ போட்டு முடிச்சாச்சு. இனிமே யாரு என்ன பண்ண முடியும்?" என்று ஜாக்கை நிதானமாக மேசையில் வைத்தான்.

துலாரி எழுந்து ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலையில் தின்றதையெல்லாம் கடலுக்குக் கொடுத்தாள்.

லெனாக்ஸின் சிரிப்பு பாதியில் நின்றது. கார்மெலிட்டா கையைத் தலைக்கு மேல் தூக்கி, ராணியை ஜாக்கின் மேல் அறைந்தாள். மேசை குதித்தது. படகே கூவியது, படகோட்டி ஹார்னை அழுத்தியவன் விடவில்லை. சட்டியைக் கட்டிப்பிடித்திருந்த என்னால் கைதட்ட முடியவில்லை. காலால் பலகையை உதைத்தேன்.

பொய்ச் சைகை காட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்றான் லெனாக்ஸ். துலாரி கம்பியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "சைகையாவது மண்ணாவது. வயித்தைப் பொரட்டுதுடா, பாவி."

லெனாக்ஸ் தொப்பியைக் கழற்றி நீட்டினான். கார்மெலிட்டா ஜாக்கை அதில் செருகினாள், சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள், சாய்ந்திருந்ததை நேராக்கினாள். பிறகு தன் நாற்காலியைத் தூக்கி, திருப்பி, கடலைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்து, காலைக் கம்பிமேல் நீட்டிக்கொண்டாள்.