நஸ்ரீன் எண்ணச் சொன்ன ஸ்லைடு

நஸ்ரீன் போய்விட்டாள்.

காலையில் அவள் தம்பி ஃபோன் செய்தான். மதியத் தொழுகைக்குப் பிறகு ஆம்பூரில் அடக்கம். அவள் வீட்டில் முகம் பார்த்துவிட்டு நேராக லேபுக்கு வந்துவிட்டேன். சத்துவாச்சாரியில் இறங்கி என் வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை...

வேலூரில் ஒரே லேபில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து பெஞ்ச். தினமும் ஆம்பூரிலிருந்து ரயிலில் வருவாள். அவள் தெருவில் பாதிப் பேர் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். மகள் மட்டும் அப்படி என்னதான் வேலை செய்கிறாள் என்று அவள் அம்மாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கேட்டால் "புள்ளி எண்றேம்மா" என்று சொல்லிவிடுவாள்.

உண்மைதான். புள்ளிதான் எண்ணினோம். சென்ட்ரோசோம்.

செல் பிரியும்போது இரண்டு முனையிலும் ஒவ்வொரு சென்ட்ரோசோம் நின்றுகொண்டு குரோமோசோம்களைப் பங்கு பிரித்து இழுக்கும். அதற்காக முன்கூட்டியே ஒன்று இரண்டாக வேண்டும். ஒரே ஒரு தடவை. மூன்று, நான்கு என்று ஆகிவிட்டால் பங்கில் குளறுபடி. கேன்சர் செல்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

காப்பி எடுக்கச் சொல்கிற புரதத்தின் பெயர் பிஎல்கே4. அதைப் பற்றி நஸ்ரீன் பேச ஆரம்பித்தால் எங்கள் டீ ஆறிவிடும்.

"ஜாஸ்தி ஆயிட்டா ஆபத்துன்னு, என்னை அழிச்சிடுங்கன்னு தன் மேலயே மார்க் போட்டுக்குதுடி. யார் சொல்லிக் குடுத்தாங்க அதுக்கு?"

நூறு தடவை கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி சொல்வாள்.

சென்ட்ரோசோமுக்குப் பச்சைச் சாயம் ஏற்றுவோம்; மைக்ராஸ்கோப்பில் வெளிச்சம் பட்டால்தான் அந்தப் பச்சைப் புள்ளி தெரியும். பட்டுக்கொண்டே இருந்தால் மங்கிவிடும்; பார்த்ததும் ஷட்டரை மூடி வெளிச்சத்தை மறைத்துவிட வேண்டும். யாராவது கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் பின்னாலிருந்து அவள் குரல் வரும். "போதும், ஷட்டரை மூடு."

போன வருஷம் கீமோவுக்கு நடுவில் ஒரு நாள் வந்தாள். துப்பட்டாவை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தாள். கையில் சில ஸ்லைடுகள், லேபிள் மேல் டேப். எண்ணிக் கொடு என்றாள்.

அது எங்கள் வழக்கம். எது யாருடையது என்று எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும்.

எண்ணினேன். ரெண்டு... ரெண்டு... ரெண்டு...

கடைசி ஸ்லைடில் அசந்துபோனேன். மூன்று, ஐந்து, ஒரு செல்லில் கொத்தாகவே இருந்தது. நீல நிறக் குரோமோசோம்கள் மூன்று பக்கமும் இழுபட்டுக் கிடந்தன. இவ்வளவு தெளிவான ஸ்லைடை நான் பார்த்ததே இல்லை. யாருடைய சாம்பிள் இது, ஜர்னலில் அட்டைப் படமாகவே போடலாமே என்று கத்திவிட்டேன்.

"அது நான்தான்" என்றாள்.

பயாப்ஸியில் மிச்சமிருந்ததை டாக்டரிடம் அனுமதி கேட்டு வாங்கி, அவளே சாயம் ஏற்றி ஸ்லைடு ஆக்கியிருக்கிறாள். வாழ்க்கை முழுக்க எண்ணிய புள்ளி தனக்குள் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமாம்.

"பேர் தெரிஞ்சா நீ ஒழுங்கா எண்ண மாட்ட. அதான் சொல்லல."

என்னை நகர்த்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்...

"இன்னா அழகா இருக்குது பாரேன்" என்றாள்.

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவளுக்குப் பயமே இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு ஷட்டரை மூடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளும் மூடவில்லை.

அந்த ஸ்லைடு ஃப்ரிட்ஜில், வெளிச்சம் படாத பெட்டியில்தான் இருக்கிறது. இப்போது எடுத்துப் பார்த்தேன். கொஞ்சம் மங்கியிருக்கிறது. ஆனாலும் இருக்கிறாய் நஸ்ரீன்... பச்சையாக, கொத்துக் கொத்தாக.

இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க ஆசைதான்.

திட்டாதே. மூடிவிட்டேன்.

போய் வா தோஸ்த்.