றீற்றா அக்கா தந்த ஸ்டியரிங் லைன்

சண்டைக் காலத்தில் விடத்தல்தீவிலிருந்து நோயாளிகளை மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக ஒரேயொரு டீசல் பிக்கப்தான் ஓடியது. ஓட்டியவன் என் கூட்டாளி தாசன். ஒரு காலை அதை என் கராஜுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, இறங்காமலே கத்தினான்.

"மச்சான், ஸ்டியரிங் கல்லு மாதிரி இறுகிப்போச்சு. வளைவில வேலிக்குள்ள விட்டிட்டன்!"

குனிந்து பார்த்தேன். பவர் ஸ்டியரிங் பம்பிலிருந்து ஒயில் வரும் குழாயான பிரஷர் லைன், ரப்பரும் இரும்பும் சேருகிற இடத்தில் வெடித்திருந்தது. ஒயில் திரும்பிப் போகிற மற்ற லைனும் கசிந்தது. ரியூப் ரப்பரைச் சுற்றிக் கிளிப் போட்டுப் பார்த்தோம். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பியதும் அது பிய்த்துக்கொண்டு என் முகமெல்லாம் ஒயில்.

வேறு ட்ரைவர் என்றால் பம்ப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, "இனிச் சோற்றைக் கூடுதலாச் சாப்பிட்டு, கையால இழுத்து ஓட்டு" என்று அனுப்பியிருப்பேன். அப்போது எல்லோரும் அப்படித்தான் ஓடினார்கள். தாசனுக்கு அது சரிவராது. ஷெல் துண்டு பட்டு அவனுடைய இடது கை விளங்காமல் போயிருந்தது. ஒற்றைக் கையால் அவன் ஓட்டியதே அந்தப் பம்பின் புண்ணியத்தில்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதையில் ஓட வேறு யாருக்கும் துணிச்சலும் இல்லை.

புது லைன் வாங்க வழியில்லை. லைனோ ஒயிலோ ஆமியின் சோதனைச் சாவடியான சென்ரியைத் தாண்டி ஊருக்குள் வர விடமாட்டார்கள். அதே மொடல் பிக்கப் இன்னொன்று ஊரில் நின்றது. அது பீலிக்ஸ் அண்ணையுடையது. மீன் ஏற்றுகிறவர். டவுனுக்கு பஸ்ஸில் போனவரைச் சென்ரியில் இறக்கினார்கள் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு தகவலே இல்லை. அவருடைய மனைவி றீற்றா அக்கா அந்த வண்டியில் ஒருவரையும் கைவைக்க விடவில்லை. நல்ல விலை பேசிப் போனவர்களும் பேச்சு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

நானும் தாசனும் போய் முற்றத்தில் நின்றோம். விஷயத்தைச் சொன்னேன்.

"அவர் வந்து வண்டியை எடுக்கேக்க ஸ்டியரிங் இல்லையெண்டால் நான் என்ன சொல்லுறது?" என்றார் அக்கா.

அக்கா தாசனின் கையைப் பார்த்தார்.

"சரி, கழட்டுங்கோ. காசு வேண்டாம். தம்பி, நீ சென்ரியால போகேக்க வரேக்க அவரின்ர பேரைச் சொல்லிக் கேட்கவேணும். கேட்டுப்போட்டு எனக்கு வந்து சொல்லவேணும்."

"ஓம் அக்கா, கேக்கிறன்," என்றான் தாசன்.

இரண்டு லைனையும் கழற்றினேன். ஒயிலையும் அந்த வண்டியிலிருந்தே வடித்து, வேட்டித் துணியில் அரித்தெடுத்தேன். மூட்டில் ஒயில் ஒழுகாமல் போடுகிற செப்பு வாசர் புதிதாக வேண்டுமென்றால் எங்கே போவது? பழையதை நெருப்பில் பழுக்கக் காய்ச்சினால் செப்பு இளகி, திரும்பவும் நன்றாக அமரும். நட்டை முதலில் கையால் பிடிக்கவிட்டு, பிறகுதான் ஸ்பேனர் போட்டேன். முன் சில்லுகளை ஜாக்கியில் தூக்கி, ஒயிலில் நுரை அடங்கும்வரை ஸ்டியரிங்கை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தாசனைத் திருப்ப வைத்தேன். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அன்றைக்கே பிள்ளைப்பேற்றுக்கு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போனான்.

கொடுத்த வாக்கை அவன் மீறவில்லை. ஒவ்வொரு பயணத்திலும் கேட்டான். காணாமல்போனவரைப் பற்றிச் சென்ரியில் கேட்பது பாம்புப் புற்றுக்குள் கைவிடுகிற வேலை. "உனக்கு அவன் யார்?" என்று அவனையே பிடித்து விசாரித்தார்கள். ஆனாலும் வந்ததும் நேரே அக்கா வீட்டுக்குப் போய், "கேட்டனான் அக்கா, இல்லையெண்டுறாங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவான்.

ஒருநாள் பின்னேரம் அவன் திரும்பி வந்தபோது முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. உதடு கிழிந்திருந்தது. சென்ரியில் அடித்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. "இண்டைக்கு அக்காட்டப் போகாத" என்றேன். அவன் கேட்கவில்லை. தனியாக விட மனமில்லாமல் நானும் கூடப் போனேன்.

வாசலில் நின்று வழக்கம்போல, "கேட்டனான் அக்கா" என்று தொடங்கினான்.

அக்கா அவனுடைய முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, சேலைத் தலைப்பை நனைத்து அவனுடைய உதட்டைத் துடைத்தார்.

"இனிக் கேட்க வேண்டாம் தம்பி."

"இல்லை அக்கா, நான் சொன்னனான்தானே..."

"வேண்டாம். உன்னையும் இறக்கிப்போட்டால், உன்ர மனுசி ஆரிட்டப் போய்க் கேட்பாள்?"

தாசன் முற்றத்து மணலில் குந்தியிருந்து குழந்தைபோல அழுதான். நானும் அழுதேன். அக்கா அழவில்லை. செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பாவித்த சாமான் கழற்றப் போகிற இளம் மெக்கானிக்மாருக்கு ஒன்று சொல்வேன். சாமான் நல்லதா என்று மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். அந்த வண்டி ஏன் அங்கே நிற்கிறது என்று கேளுங்கள், அந்த வீட்டாரோடு கொஞ்சம் இருந்து கதையுங்கள். நான் அக்காவிடம் கேட்டது இரண்டு லைன்களைத்தான். இன்னொருத்தியின் புருஷன் வீடு திரும்பவேண்டும் என்பதற்காக, தன் புருஷனைத் தேடுவதையே அவர் நிறுத்திக்கொண்டார்.