ஆறு வருஷக் கெடுவும் அடைகாத்த கோழியும்

1. ஒரே வாரத்தில் இரண்டு

திங்கட்கிழமை எங்கள் முதலாளி வீட்டுக் கோழி அடைக்கு உட்கார்ந்தது. செவ்வாய்க்கிழமை லிக்விடேட்டரிடமிருந்து கடிதம் வந்தது. கோழிக்கும் இருபத்தோரு நாள், எங்களுக்கும் இருபத்தோரு நாள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மலைமேல் உள்ள பிரிஞ்சாங் டவுனில் அட்டைப் பெட்டி சப்ளை செய்யும் சின்னக் கடை எங்களுடையது. நான் அங்கே இருபத்தாறு வருஷம் கணக்கு எழுதினேன். கணக்கு எழுதினேன் என்றால், பில் போட்டேன், போன் எடுத்தேன், டீ கலக்கினேன், லோரி ரிவர்ஸ் வரும்போது "வா, வா, வா, போதும்ணே!" என்று கத்தினேன். எல்லாம் கணக்கில் அடக்கம். படிப்பு மூன்றாம் பாரத்தோடு சரி. சட்டமெல்லாம் வந்த கடிதத்தைப் படித்து, புரியாத இடத்தில் போன் போட்டு, எதிரில் இருப்பவர் அலுத்துப்போகும்வரை கேட்டுக் கற்றதுதான். சப்ளைத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு உதவுமே என்று இதை எழுதுகிறேன்.

தேயிலைத் தோட்டக் கம்பெனி ஒன்று எங்களுக்கு முப்பத்தெட்டாயிரத்து நானூறு வெள்ளி பாக்கி. டீத்தூள் அடைக்கிற பெட்டிகளுக்கான பணம். கம்பெனி நொடித்து, அதை மூடச் சொல்லிக் கோர்ட்டு உத்தரவு போட்டது. மிச்சமிருக்கும் சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கு பிரிக்க வருகிறவர்தான் லிக்விடேட்டர். அவரிடம் "எங்களுக்கு இவ்வளவு வரணும்" என்று ப்ரூஃப் ஆஃப் டெப்ட் பாரம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். நான் அதை நாள் தவறாமல் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

செவ்வாய்க்கிழமைக் கடிதம் அந்த நெஞ்சில் ஒரு குத்து விட்டது. உங்கள் கடைசி பில் கோர்ட்டு உத்தரவுக்கு ஏழு வருஷம் முந்தியது. கடன் கேட்க ஆறு வருஷம்தான் கெடு. அந்த ஆறு வருஷத்துக்குள் கம்பெனி இந்தப் பாக்கியை எழுத்தில் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால், அதன் அசலை இருபத்தோரு நாளுக்குள் காட்டுங்கள். இல்லையென்றால் உங்கள் கோரிக்கை தள்ளுபடி.

முதலாளி ஆசீர்வாதம் அண்ணன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆள் பெரிய உருவம், மனசு பஞ்சு. கடன் கேட்கவே தெரியாது. "காசு கேட்டா மனுசன் மூஞ்சி மாறுதும்மா. மாறுன மூஞ்சிய எனக்குப் பாக்கப் புடிக்கல" என்பார். அவருடைய சொற்களை நான் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். வசூலான பணத்தைவிட அது அதிகம் சேர்ந்தது.

"ரோசி, இது போனா லோரி போச்சுலா" என்றார்.

உண்மைதான். லோரித் தவணை ஐந்து மாதம் நின்றிருந்தது. பைனான்ஸ்காரர் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "லிக்விடேட்டர் உங்க கடன ஒத்துக்கிட்டாருன்னு ஒரு லெட்டர் காட்டுங்க அண்ணே, நான் மேல பேசறேன். இல்லன்னா அடுத்த மாசக் கடைசியில லோரிய இழுத்துட்டுப் போயிருவோம்."

லோரி இல்லாமல் பெட்டி சப்ளை எப்படிச் செய்வது? ஐந்நூறு அட்டைப் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு மலையில் ஏறினால் காற்று நம்மை அடிவாரத்து ஈப்போவில் இறக்கிவிடும்.

2. கிராணியின் எழுத்து

அந்தத் தோட்டத்தில் ஸ்டோர் பார்த்த குமாஸ்தா முனியாண்டி கிராணி. நல்ல மனிதர், பயந்த மனிதர். கம்பெனி லெட்டர்பேடில் ஒரு வரி எழுதினாலும் அது துரை மேசைக்குப் போய்வர வேண்டும் என்பது அங்கே சட்டம். துரை என்றால் எஸ்டேட் மேனேஜர். மேசைக்குப் போன காகிதம் திரும்பி வந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஆனால் பெட்டி இறங்கும்போது கிராணி ஒன்று செய்வார். கட்டிலிருந்து ஒரு பெட்டியை உருவி, மேல் மூடியைச் சர்ரென்று கிழிப்பார். உள்ளே எத்தனை அடுக்கு, ஐந்து ப்ளையா, மூன்று ப்ளையா என்று பார்க்க. பார்த்துவிட்டு அந்த மூடித் துண்டிலேயே எழுதுவார்: "ஐந்நூறு பெட்டி சரி. பழைய பாக்கி 38,400 அப்படியே இருக்கு. கோவிச்சிக்க வேணாம்." கீழே தேதி, கையெழுத்து, கம்பெனி முத்திரையான சாப். தேதி போடாமல் அந்த மனிதர் தும்மக்கூட மாட்டார்.

"என்னங்கய்யா, லெட்டர்ல எழுதித் தரக்கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"லெட்டர்னா துரை பாக்கணும்மா. பொட்டித் துண்டுன்னா எந்தத் துரையும் பாக்க மாட்டான்."

பழைய பாக்கி ஏறியபின் புதுப் பெட்டிக்கெல்லாம் ரொக்கம்தான் என்று நான் கறாராகிவிட்டேன். அதனால் பில்லே கிடையாது, துண்டு மட்டும்தான். லோரியில் துண்டு வரும். எண்ணிக்கையை நோட்டில் பதிந்துகொண்டு துண்டைக் கதவுக்குப் பின்னால் எறிந்துவிடுவேன். கையெழுத்தும் சாப்பும் இருந்த ஒரே சாமான் அது. அதைத்தான் எறிந்தேன். ப்ரூஃப் ஆஃப் டெப்ட் பாரத்தை நாள் தவறாமல் கொடுத்த அதே ரோசிதான்.

3. அண்ணியின் சாம்ராஜ்யம்

கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் ஒரு துடைப்பம் மட்டும் இருந்தது. அண்ணனின் மனைவி பாக்கியம் அண்ணி, கடைக்குப் பின்னாலுள்ள வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அந்த அட்டைங்களா? நான் எடுத்துட்டேன். நல்ல அட்ட, ஈரம் ஏறாது."

"எங்கண்ணி வச்சிருக்கீங்க?"

"எங்க இல்ல?"

அதற்கப்புறம் பதினான்கு நாள் தேடினோம். சோற்றுப் பானைக்கு அடியில் ஒன்று அகப்பட்டது. பானையின் கரிவட்டம் சரியாகத் தேதிமேல் உட்கார்ந்திருந்தது. அடுப்பு விசிறுகிற துண்டில் சாப் இருந்தது, கையெழுத்து எரிந்துபோயிருந்தது. பக்கத்து ஊரான கியா பார்மில் அண்ணியின் தங்கை ஸ்ட்ராபெரிக் கடை வைத்திருக்கிறார். அவருடைய தட்டுகளுக்கு அடியில் ஒன்பது துண்டு! ஆசையாக எடுத்துப் பார்த்தால் ஒன்பதிலும் பழச்சாறு ஊறி, "கோவிச்சிக்க வேணாம்" என்ற வரி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அண்ணன் அதையும் வாசித்துவிட்டு, "சரி, கோவிச்சிக்கல" என்றார்.

பதினைந்தாம் நாள் காலையில் அண்ணி கோழிக்குச் சோளம் வைக்கப் போனவர் அங்கிருந்தே கத்தினார்.

"ரோசி! இங்க ஒன்னு இருக்கு!"

எங்கள் கடை ஸ்டோர் மூலையில் பழைய கொழுந்துக் கூடை. சிமெண்டுத் தரையின் குளிர் ஏறாமலிருக்க உள்ளே ஒரு மூடித் துண்டு. அதன்மேல் வைக்கோல், அதன்மேல் பதினோரு முட்டை, அதன்மேல் கோழி. துண்டின் ஓரம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் தேதி. கோர்ட்டு உத்தரவுக்கு மூன்று வருஷம் முந்திய தேதி! நான் தரையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன்: கடைசி பில்லிலிருந்து நாலு வருஷம். கெடுவுக்குள்தான் இருந்தது.

4. சுந்தரி

"எடுங்கண்ணே" என்றேன்.

"எடுப்பியா நீ?" அண்ணி கூடைக்கு முன்னால் வந்து நின்றார். "போன தடவ இந்த மனுசன் லைட்டப் போட்டதுக்கே சுந்தரி எந்திரிச்சிப் போனவ திரும்பி வரல. எட்டு முட்டையும் கூழு. இன்னும் அஞ்சு நாளுதான். யாரும் தொடக்கூடாது."

"லோரி போயிரும் பாக்கியம்."

"லோரி போனா பஸ்ஸு இருக்கு. இந்தக் குளிர்ல அடையில உக்கார இவளை விட்டா யாரு இருக்கா? நீங்க உக்காருவீங்களா?"

அண்ணன் உண்மையாகவே ஒரு நிமிஷம் யோசித்தார்.

நான் போனில் படம் எடுத்து ஈப்போவில் லிக்விடேட்டரின் ஆபிசுக்கு அனுப்பினேன். அங்கே எங்கள் பைலைப் பார்த்தது மிஸ் டான் என்கிற சீனப் பெண். அரை மணி நேரத்தில் மலாயில் பதில் வந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "கோழி தெரிகிறது. கையெழுத்து தெரியவில்லை. அசலைக் கொண்டுவரவும்."

மறுநாள் அண்ணி மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து அண்ணன் மழைக்கோட்டும் மோட்டார் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு ஸ்டோருக்குள் நுழைந்தார். துண்டை மெல்ல உருவுவதுதான் திட்டம். சுந்தரி அவர் ஹெல்மெட் கண்ணாடியில் தன்னையே பார்த்ததோ என்னவோ, வேறொரு கோழி வந்துவிட்டது என்று நினைத்து ஹெல்மெட்டில் மூன்று கொத்து கொத்தியது. எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே கொத்தியது. அண்ணன் பின்னால் சாய்ந்து பெட்டிக் கட்டுகளோடு சரிந்தார்.

"கையெழுத்தக் காப்பாத்துறதுல லாயர் மாதிரி இருக்குலா" என்றார், பெட்டிகளுக்கு அடியிலிருந்து. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அன்றே எழுதிக்கொண்டேன்.

அப்புறம் காத்திருந்தோம். அந்த ஐந்து நாளும் அண்ணன் லோரியைக் கழுவிக்கொண்டே இருந்தார். வழியனுப்பப் போகிற சாமானைக் கழுவுகிற மாதிரி இருந்தது. எனக்குப் பார்க்க முடியவில்லை. என் அலட்சியத்தால் வந்த வினைதானே என்று அண்ணனிடம் சொன்னேன். "நீ நோட்டுல சரியா எழுதுன. நான் வாய்விட்டுக் கேட்டிருந்தா இது ஏன் வருது?" என்று துணியைப் பிழிந்தார்.

கடைசி நாளுக்கு முந்தின நாள், திங்கட்கிழமை காலை, கூடைக்குள் கீச்சுச் சத்தம். மத்தியானத்துக்குள் ஒன்பது குஞ்சு. சுந்தரி இறங்கியதும் அண்ணியே துண்டை எடுத்துத் தந்தார். சாப்பில் பாதி கோழி எச்சம். ஆனால் கையெழுத்து, பாக்கித் தொகை, தேதி எல்லாம் பளிச்சென்று இருந்தன. "தொடைக்காதீங்க! தொடைச்சா மையும் போயிரும்" என்று கத்தி, அப்படியே பிஸ்கட் டின்னில் வைத்து மூடினேன்.

5. ஈப்போ

மறுநாள், கடைசி நாள், லோரியிலேயே கிளம்பினோம். வழியில் கம்போங் ராஜாவில் முனியாண்டி கிராணியை ஏற்றிக்கொண்டோம். இது என் கையெழுத்துத்தான் என்று அவர் வந்து சொன்னால் நல்லது என்று மிஸ் டான் சொல்லியிருந்தார். கிராணி டை கட்டிக்கொண்டு நின்றார்.

"அங்க துரை இருப்பாரா?"

"கம்பெனியே இல்லங்கய்யா. துரை எங்க இருந்து வருவாரு?"

"இல்ல, எதுக்கும் கேட்டு வச்சிக்கறேன்."

மிஸ் டான் டின்னைத் திறந்து, உடனே மூடி, ஜன்னலைத் திறந்து, மறுபடி டின்னைத் திறந்தார். "அபா இனி?" என்றார். என்ன இது என்று. நான் எனக்குத் தெரிந்த மலாயில் பெட்டி, ப்ளை, துரை, கோழி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். "அட்டையில் எழுதினாலும் எழுத்துத்தான்" என்று சொல்லிவிட்டு கிராணியைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கள்தான் எழுதினீர்களா? கம்பெனிக்காக இப்படி எழுதுவது உங்கள் வேலையா?"

கிராணி டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அண்ணன் வேட்டியை, இல்லை, கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிராணி எழுந்தார். மேசைமேல் இருந்த ஆபிஸ் பைல் பெட்டியை இழுத்தார். சர்ரென்று மூடியைக் கிழித்தார்.

"மூணு ப்ளை" என்றார் வருத்தமாக. "ஏமாத்திட்டாங்கம்மா உங்கள." பேனாவை எடுத்து அந்தத் துண்டில் தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு நீட்டினார். "முப்பது வருசம் ஸ்டோர்ல இதான் என் வேல."

மிஸ் டான் இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே கையெழுத்து, ஒரே மாதிரி கிழிசல்கூட. கிராணியிடம் முறையாக வெள்ளைத்தாளிலும் எழுதி வாங்கிக்கொண்டார். துரை பார்க்காமல் அவர் எழுதிய முதல் வெள்ளைத்தாள் அதுவாகத்தான் இருக்கும்.

பத்து நாளில் கடன் ஏற்கப்பட்டது என்று கடிதம் வந்தது. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு பைனான்ஸ்காரரிடம் போனார். லோரி தங்கிவிட்டது.

6. பிள்ளைகளுக்கு

முப்பத்தெட்டாயிரமும் கைக்கு வந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அடமானம் வைத்திருந்த பேங்கு, ஆட்களின் சம்பளம் எல்லாம் போகத்தான் நம்மைப் போன்ற சப்ளையருக்கு. ஒன்றரை வருஷம் கழித்து வெள்ளிக்குப் பதினோரு காசு வந்தது. மொத்தம் நாலாயிரத்து இருநூற்று இருபத்து நாலு. தவணைப் பாக்கி சரியாக நாலாயிரம்.

ஆறு வருஷம் என்பது நீளமாகத் தெரியும், கடன் கேட்கக் கூச்சப்படுகிறவனுக்கு அது சீக்கிரம் தீரும். கேட்டு எழுதி வாங்குங்கள். எதில் எழுதினாலும் பரவாயில்லை. தேதி, தொகை, கையெழுத்து, முடிந்தால் சாப், நாலும் இருக்கட்டும். வாயால் "தந்துடறேன்லா" என்று நூறு தடவை சொன்னாலும் லிக்விடேட்டர் காதில் ஏறாது. வாங்கிய துண்டைக் கதவுக்குப் பின்னால் எறியாதீர்கள்.

மிச்சமான இருநூற்று இருபத்து நாலு வெள்ளிக்கு, பழைய சாமான் கடையில் ஓர் இரும்பு அலமாரி வாங்கினேன், துண்டு காகிதமெல்லாம் பத்திரமாக வைக்க. அடுத்த மாதமே அடித்தட்டில் சுந்தரி ஏறி உட்கார்ந்துகொண்டது. அண்ணி அந்தத் தட்டை யாரையும் தொட விடவில்லை. அதனால் பைல்களை மேல்தட்டில் வைத்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன.