மஸ்கெலியாவில் திருப்பி அனுப்பிய கொங்கிரீட் லொறி

மலையகத்துக்குப் பயணம் என்றால் நீர்வீழ்ச்சி, தேயிலைக் கொழுந்து, குளிர் என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும். நான் கடந்த மாதம் மஸ்கெலியாப் பக்கம் போனது ஒரு கொங்கிரீட் பம்பை முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பதற்காக. நான் படித்த தோட்டப் பாடசாலைக்குப் பழைய மாணவர்கள் சேர்ந்து இரண்டு மாடிக் கட்டடம் கட்டுகிறோம். கீழ்த்தள வகுப்பறைகளுக்கு மேலே கூரைத் தளமாகக் கொங்கிரீட் சிலாப் போடும் நாளில் எங்கள் தரப்பில் ஒருவர் நின்று கண்காணித்துக் கையெழுத்திட வேண்டும். வெள்ளியும் சனியும் விடுமுறை எனக்குத்தான் இருந்தது. கட்டடம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது; வத்தளையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன்.

புறப்படும் முன்பே வட்ஸ்அப் குழுவில் எச்சரிக்கை வந்துவிட்டது: பம்ப் ஓட்டுபவர்கள் வேலை இலகுவாக ஓட வேண்டும் என்று கலவையில் தண்ணீர் ஊற்றுவார்கள், கவனம். தண்ணீர் கூடினால் சிலாப் பலமிழக்கும். வெள்ளிக்கிழமை காலை கொழும்பில் பஸ் ஏறி ஐந்து மணி நேரத்தில் ஹட்டன் வந்தேன். மாலையில் ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் சுரேஷ் அழைத்தார். "பம்ப் ஒப்பரேட்டர் ஒரு மாதிரி ஆளு மிஸ். புடிவாதக்காரன். நீங்க அவன்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க, எதுனாலும் என்கிட்ட கேளுங்க." அந்த ஆளைப் பார்க்காமலேயே அவர்மீது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் 6.10க்கு ஹட்டனிலிருந்து மஸ்கெலியா பஸ். ஏறத்தாழ இருபது கிலோமீற்றர், ஒரு மணி நேரம். வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள், நீர்த்தேக்கம் தெரியும். (நான் இடப்பக்கம் உட்கார்ந்து மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு போனேன்.) அங்கிருந்து தோட்டத்துக்கு ஐந்து கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 800 ரூபாய். பாதை பாடசாலைக்குக் கீழேயே முடிந்துவிடும். கட்டடம் மேலே, மூன்று மாடி உயரத்தில். லொறி ஏற முடியாது. அதனால்தான் பம்ப்: பாதையோரத்தில் இயந்திரம், அதிலிருந்து அறுபது மீற்றர் இரும்புக் குழாய் படிக்கட்டோரமாக ஏறிச் சிலாப்புக்குப் போகிறது.

ஒப்பரேட்டரின் பெயர் முத்துக்குமார். ராகலை ஊர்க்காரர், நாற்பது வயதிருக்கும். நான் போய்ச் சேர்ந்தபோது லொறி கலவை கொட்டும் பம்பின் வாய்ப்பெட்டிக்குள் சீமெந்தைக் கொட்டித் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டிருந்தார். வந்து இரண்டு நிமிடத்தில் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று தொலைபேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினேன்.

"இது பைப்பு வழுக்குறதுக்கு மிஸ்," என்றார் திரும்பிப் பார்க்காமலே. "காஞ்ச பைப்புல கொங்கிரீட் போவாது. மேல போயி நில்லுங்க, இது சிலாப்புல விழுதான்னு பாருங்க."

போய் நின்றேன். அந்தச் சாம்பல் நிறக் கூழ் முழுவதையும் தள்ளுவண்டியில் பிடித்து வெளியே கொட்டினார்கள். அப்படியும் எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் பார்க்கிறேன் என்று தெரிந்துதானே கொட்டுகிறார்கள்?

சந்தேகப்பட்டவள் நான் மட்டுமில்லை. பம்புக்குப் பக்கத்தில் மழைநீர் ஓடும் கானோரம் புஷ்பம் அக்கா என்ற கொழுந்து பறிக்கும் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய லயக் குடியிருப்புக்குத் தண்ணீர் வரும் பீலி அந்தக் கானுக்குக் கீழேதான் இருக்கிறது. "ரோடு போட்டப்ப மெஷின கழுவி கான்ல வுட்டாங்க. பீலியில வெள்ளையா தண்ணி வந்துச்சு. என் மகளுக்கு ரெண்டு நாளு வயித்தால போச்சுங்க. இவரு மட்டும் என்ன செய்வாருன்னு யாருக்குத் தெரியும்?"

8.40க்கு முதல் லொறி வந்தது. பிரச்சினை இல்லை. 11.05க்கு இரண்டாவது. குழுவுக்கு அனுப்புவதற்காக ஒவ்வொரு லொறியும் வந்து நின்றதும் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தேன். பிறகு சுரேஷ் வாங்கித் தந்த பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு குழாய் வளைவுக்கு அருகில் நின்றேன். பம்பை நோட்டமிட அதுதான் வசதியான இடம்.

பத்து நிமிடம் ஓடியிருக்கும். பம்பின் சத்தம் மாறியது. முத்துக்குமார் வாய்ப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மேலே சிலாப்பில் குழாயைப் பிடித்திருந்தவர்கள் "வரல, வரல" என்றார்கள். அவர் பம்பைப் பின்னோக்கி ஓட்டினார். நிறுத்தினார். மறுபடி பின்னோக்கி.

"என்ன வெளையாடுறீங்க, மழை இருட்டுது," என்று சொல்லிக்கொண்டே சுரேஷ் ஸ்பானரோடு வளைவுக்கு வந்தார். குழாய்களை இணைக்கும் இரும்புப் பூட்டைக் கழற்றப் போனார். நான் இரண்டு மீற்றர் தள்ளி நின்றேன்.

"பூட்ட தொடாதீங்க சேர்." முத்துக்குமார் கத்தவில்லை, ஆனால் அந்தக் குரலில் எல்லோரும் நின்றுவிட்டோம். "உள்ள அழுத்தம் இருக்கு. தொறந்தீங்கன்னா கல்லு மொகத்துல அடிக்கும். மிஸ், நீங்க அந்தாண்ட போங்க."

நான் நகர்ந்தேன். நகர்ந்தபோதும் நினைத்தது, இந்த ஆள் எதையோ மறைக்க என்னை விரட்டுகிறார் என்றுதான். அவர் மூன்றாம் முறை பின்னோக்கி ஓட்டி, அழுத்தமானியின் முள் பூச்சியத்துக்கு இறங்கியதைப் பார்த்து, எஞ்சினை நிறுத்தி அதன் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பூட்டை ஓரமாக நின்று மெதுவாகத் தளர்த்தினார். அவ்வளவு செய்த பிறகும் குழாய் ஒருமுறை துப்பியது. நான் முன்பு நின்ற இடத்தில் ஒரு கூடை அளவு கல் விழுந்தது. வெறும் கல். பசை இல்லை.

அதில் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார். "பாருங்க மிஸ். கல்லு தனியா, சீமெந்துப் பாலு தனியா போயிருச்சு. தண்ணி கூடுனா இப்புடித்தான் அடைக்கும்."

"காலையில் தண்ணீர்க் குழாய் உங்கள் கையில்தானே இருந்தது?" என்று கேட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "என்மேல சந்தேகம்னா லொறித் தண்ணி டாங்கிய பாருங்க."

கலவை லொறிகளில் கழுவுவதற்கென்று ஒரு தண்ணீர் டாங்கி இருக்கும். பக்கத்தில் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய். அதில் தண்ணீர் கால்வாசிதான் நின்றது. தொலைபேசியைத் திறந்து 11.05 படத்தைப் பெரிதாக்கினேன். அதில் கண்ணாடிக் குழாய் கழுத்துவரை நிறைந்திருந்தது. வந்ததிலிருந்து அந்த லொறி எதையும் கழுவவில்லை.

லொறிச் சாரதியிடம் படத்தைக் காட்டினேன். அவர் சுரேஷைப் பார்த்தார். "சேர்தானே சொன்னாரு. மலையேறி வந்ததுல இறுகிருச்சு, கொஞ்சம் தண்ணி வுடுன்னு."

"கொஞ்சந்தான் மிஸ்," என்றார் சுரேஷ். "எல்லா எடத்துலயும் செய்றதுதான்."

கலவையைப் பெற்றுக்கொண்டதாக லொறியின் சிட்டையில் என் கையெழுத்து வேண்டும். சிலாப்பில் பாதி முடிந்திருந்தது. இதைத் திருப்பினால் அடுத்தது வருமுன் போட்ட பாதி இறுகிவிடும், புதுக் கலவை அதோடு ஒட்டாது, மழையும் வரும். முத்துக்குமாரிடம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டேன். "இந்தக் குளிருக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் தாங்கும். மூணாவது லொறி வழியிலதான் வருது." 'தண்ணீர் சேர்க்கப்பட்டதால் ஏற்கவில்லை' என்று சிட்டையில் எழுதிக் கையெழுத்திட்டேன். மேலே ஏற்கெனவே விழுந்திருந்த தண்ணிக் கலவையைச் சிலாப்பின் ஓரத்திலிருந்து அள்ளி எறிந்தார்கள். 12.35க்கு அடுத்த லொறி வந்தது. அதன் டாங்கிக்குப் பக்கத்திலேயே கடைசிவரை நின்றேன். நாலாவதுக்கும் அப்படித்தான். மழை 3.15க்குத்தான் தூறத் தொடங்கியது. அதற்குள் சிலாப்பைத் தார்ப்பாயால் மூடிவிட்டார்கள்.

கழுவுவது ஒன்றரை மணி நேர வேலை. காற்றடித்துத் தள்ளினால் சீக்கிரம் முடியும் என்றார் சுரேஷ். காற்றென்றால் குழாய் பாம்பு மாதிரி அடிக்கும் என்று முத்துக்குமார் மறுத்துவிட்டு, ஒரு பஞ்சுப் பந்தைக் குழாய்க்குள் வைத்துத் தண்ணீரால் தள்ளினார். குழாயின் மறுமுனை, பொலித்தீன் விரித்த குழிக்குள். அதைச் சுற்றி ஒருவரையும் விடவில்லை. வாய்ப்பெட்டியைக் கழுவும்போதும் எஞ்சின் சாவி அவருடைய சட்டைப்பையில்தான்.

புஷ்பம் அக்கா நனைந்துகொண்டே குழியோரம் வந்தார். "பொலித்தீன் கிழிஞ்சா கானுக்குத்தானே போவும்? உங்கள எப்புடி நம்புறது?"

"நம்பாதீங்க அக்கா. நின்னு பாருங்க."

அவர் கடைசிவரை நின்றார். ஒரு சொட்டும் கானுக்குப் போகவில்லை.

கிளம்பும்போது முத்துக்குமாரிடம், "உங்களைத்தான் சந்தேகப்பட்டேன்," என்று சொல்லிவிட்டேன். "தெரியும் மிஸ்," என்றார். "காலையிலேர்ந்து ஃபோன என் பக்கமே வச்சிருந்தீங்க. கொஞ்சம் லொறிப் பக்கமும் திருப்பியிருக்கலாம்."

இப்படி ஒரு பயணம் போக இருப்பவர்களுக்கு: மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு வையுங்கள். சப்பாத்து போடுங்கள், செருப்பு வேண்டாம். குழாய் வளைவுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். ஒவ்வொரு லொறியின் டாங்கியையும் வரும்போதும் போகும்போதும் படமெடுங்கள். நான் வரும்போது மட்டுமே எடுத்தேன். முதல் லொறிக்குத் தண்ணீர் விட்டார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றைய கலவையில் பலம் பார்க்க வார்த்த சோதனைக் கட்டிகளின் அறிக்கை பிறகு வந்தது. தேறிவிட்டது. முத்துக்குமாருக்கு அழைத்துச் சொன்னேன். "கட்டிய யாரு எடுத்தா?" என்று கேட்டார். சுரேஷின் ஆட்கள். "மொத லொறி கொட்டுன பக்கத்த ஒருக்கா சுத்தியலால தட்டிப் பாத்துருங்க மிஸ்." சிலாப்பைத் தாங்கிய பலகைகளைக் கழற்றிய பிறகு ஒரு பொறியியலாளரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். அந்தப் பக்கம் முழுவதையும் அடிக்கு அடி அவர் தட்ட, நான் கீழே வகுப்பறையில் நின்று காது கொடுத்தேன். எங்கேயும் உள்ளே வெற்றிடம் இருப்பதைக் காட்டும் பொள்ளல் சத்தம் கேட்கவில்லை. இன்னொரு தடவை தட்டச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் சிலாப்பை ஏற்றுக் கையெழுத்திட்டேன்.