ஆளுக்கு இரண்டு சிலிண்டர்

என் கணவர் வளைகுடாவில் கடலுக்கடியில் வேலை பார்ப்பவர். விடுப்பில் முட்டத்துக்கு வந்தால் மற்றவர்கள் கல்யாண வீடு, திருவிழா என்று போவார்கள். இவர் மறுபடியும் கடலுக்குள்தான் போவார். இந்த முறை துணைக்கு ஒருத்தி வந்தாள். பக்கத்துப் புதுக்கடை ஊர்க்காரி, வளைகுடாவில் இவரோடு வேலை பார்ப்பவள், கல்யாணம் ஆகாதவள். இவரை அண்ணே என்றாள், என்னை அக்கா என்றாள். அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் போதுமா? பார்த்த நிமிடமே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

கரை மறையும் தூரத்தில், மீனவர்களின் வலை போய் மாட்டும் பார் ஒன்று உண்டு, கடலடிப் பாறைக்கூட்டம். அதைப் பார்த்துவிட வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. அந்த ஆழத்துக்கு ரீபிரீதர் மாட்டிக்கொண்டு போவார்கள். நாம் விட்ட மூச்சையே சுத்தம் செய்து, ஆக்சிஜன் சேர்த்துத் திருப்பித் தருகிற கருவி. நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள், அதிலுள்ள சுண்ணாம்புக் குருணை கரியமில வாயுவை உறிஞ்சுவது எனக்குப் புரியும். அந்தக் கருவி காலை வாரிவிட்டால் மேலே வந்து சேர வேறு காற்று வேண்டும். அதற்காக விலாவோரம் தொங்கவிடுவதுதான் பெயில்அவுட் சிலிண்டர். ஒரே மூச்சில் மேலே வந்துவிடவும் முடியாது, உடம்பு தாங்காது, நின்று நின்று வரவேண்டும். அதனால் ஆழத்துக்கு ஹீலியம் கலந்த சிலிண்டர், மேல்மட்டத்துக்கு ஆக்சிஜன் கூடின சிலிண்டர். பின்னதை ஆழத்தில் சுவாசித்தால் விஷம்.

நான் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது இருவரும் இதைத்தான் பேசினார்கள். ஸ்டீல் வேண்டாம், தண்ணீரில் ஒரு பக்கமாக இழுக்கும், அலுமினியம்தான் சரி என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. எதில்தான் அவர்களுக்கு ஒரே கருத்து இல்லை?

“ரெண்டு பேருக்கும் சேத்து, ஆழத்து சிலிண்டர் சின்னது ஒண்ணு எனக்க கிட்ட இருக்கட்டும். மேல உள்ளது ஒனக்க கிட்ட,” என்றார் இவர்.

“சரி அண்ணே. யாருக்குக் கேடு வந்தாலும் சேந்தே வந்திரலாம்.”

கருவி பழுதானால் இவர் மூச்சுக்கு அவளிடம் கையேந்த வேண்டும், அவள் இவரிடம். வருஷத்தில் பாதி நாள் தொலைபேசியில் குடித்தனம் நடத்துகிறவள் நான். எனக்கே கிடைக்காத ஒட்டுதல் இது.

“ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கிடுங்க,” என்றேன். “யாரும் யாரையும் நம்பி இருக்கப்படாது.”

“ஏட்டி, இவ்வளவையும் தூக்கிட்டு நீரோட்டத்துல நீந்துறது நீயா?” என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் என்னைப் படிக்க வைத்தது. இரண்டு நாள் கைபேசியும் கையுமாக உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் இருவரையும் பிடித்துக்கொண்டேன்.

“அமைதியா விடுற மூச்சை வச்சுக் கணக்குப் போட்டிருக்கீங்க. குருணை கெட்டுப்போனா கரியமில வாயு ஏறும். அப்போ நாய் மாதிரி இளைக்கும். சின்ன சிலிண்டர் எங்க போதும்?”

மெதுவாக மூச்சு விடுவதில் இருவருக்கும் அப்படியொரு பெருமை. அதனால்தான் அந்தக் கணக்கு. இவர் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு ஆளுக்கு இரண்டு என்று ஒத்துக்கொண்டார். ஆழத்துக்கு இவருக்குப் பெரியதே வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்க வைத்தேன். அவள், தன் உடம்புக்குச் சின்னதே போதும் என்றாள். நான் வாய் திறக்கவில்லை. அவளுக்கு எது போதும் என்பது என் கவலை இல்லை.

பாருக்குப் போன அன்று நான் கரையில் காத்திருந்தேன்; படகு திரும்பியதும் முதலில் இறங்கியது அவள்தான். முகத்தில் ரத்தமில்லை. நேராக வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

“அக்கா, நீங்க சொல்லலேன்னா நான் இப்ப இல்ல.”

கெட்டது அவளுடைய கருவி. ஆழத்தில் இளைப்பு கண்டு சின்ன சிலிண்டருக்கு மாறியிருக்கிறாள். மேல்மட்டக் காற்றைத் தொடும் உயரத்துக்கு வருமுன்னே அது காலியாகிவிட்டது. முதலில் போட்ட திட்டமென்றால் இருவருக்கும் அந்தச் சின்னது ஒன்றுதான், அதோடு கதை முடிந்திருக்கும். இவருடைய கருவி நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால், தன் பெரிய சிலிண்டரின் மவுத்பீஸை அவள் வாயில் வைத்து, கையைப் பிடித்து மேலே கொண்டுவந்திருக்கிறார்.

எதைத் தடுக்க வேண்டுமென்று அத்தனை படித்தேனோ, அதையே, பெரிய சிலிண்டர் வாங்கிக் கொடுத்து, நானே நடத்தி வைத்திருக்கிறேன். அவள் தோளைத் தட்டிக் கொடுத்தேன். ஆனாலும் என் வயிற்றெரிச்சல் தீர்ந்தபாடில்லை.

சாயங்காலம் கடல் உப்புப் போக நல்ல தண்ணீரில் சாமான்களைக் கழுவினோம்.

“இதுல எது அவளுக்க வாயில இருந்தது?”

இவர் காட்டினார். ரப்பரில் பல் ஆழமாகப் பதிந்திருந்தது. உயிர்பயத்தில் கடித்த கடி. விரலால் தடவிப் பார்த்தேன். தண்ணீருக்கடியில் அந்த இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கடித்திருப்பேன்.

“அடுத்த தடவை அவளுக்கும் பெருசே வாங்கச் சொல்லுங்க,” என்று சொல்லிக்கொண்டே அந்த ரப்பரை மட்டும் கழற்றினேன்.

“அது கிழியல்லியே, இன்னும் கொள்ளாம்லா, எதுக்குக் கழட்டுக?”

“எனக்குக் கொள்ளாது,” என்றேன்.